வாசலில் கழற்றும் மூக்குத்தி

நம் வேலைக்குச் சரியான பெயர் இல்லை. நர்ஸ் என்று சொன்னால் நர்ஸுகள் முறைப்பார்கள். ஆயா என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குத் துணைக்குப் போகிறோம். கூட உட்கார்ந்து, கூடப் படுத்து, அவர்கள் வீடு திரும்பியதும் அடுத்த ஆளோடு கிளம்புகிறோம்.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவள். தீப்பெட்டி ஒட்டினேன், ஏலத்தோட்டத்தில் காய் பறித்தேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், யாத்திரை பஸ்ஸில் சமைத்தேன். ஓரிடத்தில் தங்கத் தெரியாது. அதனால்தான் இந்த வேலை எனக்கு ஒத்துவந்தது. வேலூர், கோயம்புத்தூர், திருவனந்தபுரம் என்று எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பேப்பர் விரித்துப் படுத்திருக்கிறேன். நோயாளி வேண்டாம் என்று தள்ளிய இட்லியே பல நாள் எனக்குக் காலைச் சாப்பாடு. இப்போது முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

தல்லாகுளத்தில் நம்மை அனுப்பும் அந்த அம்மா, "புதுசா வந்த பிள்ளைகளுக்கு நாலு விஷயம் எழுதிக் குடுங்கக்கா" என்றார். நாலு என்னிடம் இல்லை. ஒன்று இருக்கிறது. எல்லோரையும் சந்தேகப்படுங்கள். டாக்டரை, டாக்டரின் சிரிப்பை, வெயிட்டிங் ஹாலில் தானாக வந்து பேசும் ஆளை, நோயாளியின் சொந்தக்காரரை. எல்லோரையும் என்று நான் சொன்னாலும் நீங்கள் ஒருவரை விட்டுவிடுவீர்கள். நானும் விட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எழுமலைப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற குடும்பம். அம்மா பேச்சியம்மாள். மகள் மீனா, தனியார் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவள் வேகத்தடையில் தூக்கி எறியப்பட்டு மூக்கு உடைந்தது. அவசரத்தில் ஓரிடத்தில் முதல் ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கோணலாக ஒட்டி, ஒரு பக்கம் அடைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்ய, தல்லாகுளத்தில் ஒரு டாக்டர் காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைத்து இரண்டாவது ஆபரேஷன் செய்தார். அதற்குப் பிறகு இடது மூக்கின் ஓரம் கத்தரியால் நறுக்கியதுபோல் மேலே ஏறிவிட்டது. மூச்சை இழுத்தால் அந்தப் பக்கம் ஈரத்துணி மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும். கூடவே ஒரு விசில் சத்தம். பிள்ளைகள் அவளுக்கு 'குக்கர் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதும் வாயால்தான் மூச்சு விட்டாள்.

அடுத்து என்ன செய்வது என்று டாக்டர் டாக்டராகக் கேட்கப் போனபோதுதான் நான் அவர்களோடு சேர்ந்தேன். பேச்சிக்கு ஊர்ப்பலகை படிக்க வராது. மீனாவின் அப்பா காட்டை விட்டு வரமாட்டார்.

முதலில் தல்லாகுளம் டாக்டரிடமே போனோம். நெடுநேரம் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே லைட் அடித்துப் பார்த்தார். கடைசியில், "இப்ப எதுவும் பண்ண வேண்டாம். உள்ள தழும்பு இறுக்கமா இருக்கு. ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் பேச்சி கொதித்தாள். "பாத்தியாக்கா? கெடுத்துப்புட்டு ஒரு வருஷம் கழிச்சு வான்னா என்ன அர்த்தம்?"

"அவருக்கே தெரியல. அதான் தள்ளிப் போடுறாரு" என்றாள் மீனா. "மாமா வந்து நாலு சத்தம் போட்டுட்டுப் போனாரே, அந்தப் பயமும் இருக்கும்."

மீனாவின் தாய்மாமன் ஏற்கெனவே ஒருமுறை வந்து, வரவேற்பறையில் எல்லோர் முன்னாலும் அந்த டாக்டரிடம் கத்திவிட்டுப் போயிருக்கிறார். எனக்கும் அந்த டாக்டர் மேல் சந்தேகம் விழுந்தது. முகம் பார்த்துப் பேசாத ஆளை நான் நம்புவதில்லை.

இரண்டாவதாக ஒரு பெண் டாக்டர். வெயிட்டிங் ஹாலில் மீன் தொட்டி, சுவரெல்லாம் ஆபரேஷனுக்கு முன், பின் என்று முகங்கள். ஒவ்வொரு முகத்திலும் 'முன்' படத்தில் வெளிச்சம் கம்மியாகவும் 'பின்' படத்தில் அதிகமாகவும் இருந்தது. வெளிச்சம் போட்டால் நானும் அழகிதான். டாக்டரம்மா மீனாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆபரேஷனே வேண்டாம்மா. ஃபில்லர் ஊசி. பத்து நிமிஷ வேலை. பள்ளம் நிரம்பிடும்" என்றார். மீனாவின் கண் விரிந்தது.

நீங்கள் எந்த டாக்டரிடம் போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பணிவாகக் கேளுங்கள். நானும் பணிவாகத்தான் கேட்டேன்.

"இது தப்பாப் போனா எப்படிப் போகும் டாக்டர்?"

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். "நீங்க யாரு?"

"துணைக்கு வந்தவ."

கொஞ்சம் யோசித்து, உண்மையைச் சொன்னார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். ஏற்கெனவே வெட்டித் தைத்த மூக்கில் ரத்த ஓட்டம் கம்மி. ஊசி மருந்து ரத்தக்குழாயை அடைத்தால் தோல் கறுத்துப் போகலாம். ரொம்ப அபூர்வம், ஆனால் போகலாம். மூச்சுத் திணறலுக்கும் இந்த ஊசி தீர்வு இல்லை.

"வேண்டாம், வா" என்று பேச்சி மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மீனா என்னோடு அன்று முழுவதும் பேசவில்லை.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தேன். மீனா ஏழுகல் மூக்குத்தி போட்டிருப்பாள். டாக்டர் அறைக்குக் கூப்பிடும் முன், கழிவறைக்குப் போய் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வாள். வெளியே வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வாள். முதல் தடவை, களவு போய்விடும் என்ற பயம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை, டாக்டர் பார்க்கத் தோதாகக் கழற்றுகிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் வரும்போது தண்ணீர் சத்தம் நெடுநேரம் கேட்கும். உப்புத் தண்ணீர் வைத்து மூக்கைக் கழுவுகிறாள் என்றாள் பேச்சி. என் மனதில் ஒரு முள் குத்தியது. ஆனால் நான் அப்போது டாக்டர்களைச் சந்தேகப்படுவதில் மும்முரமாக இருந்தேன்.

மூன்றாவது, ரிங் ரோட்டுப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டருக்கு நல்ல குரல், நல்ல பேச்சு. மூக்கின் படத்தைத் தாளில் வரைந்து காட்டினார். "காதுல எடுத்து வச்ச குருத்தெலும்பு கரைஞ்சு போயிருக்கு. சில பேருக்கு அப்படி ஆகும். இனிமே விலா எலும்புப் பக்கத்துல இருந்து குருத்தெலும்பு எடுத்து, சட்டம் மாதிரி கட்டி வைக்கணும். பெரிய ஆபரேஷன்தான். ஆனா உறுதியா இருக்கும்." பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நாளைக்கு ஒரு இடம் காலியா இருக்கு. இன்னைக்கே அட்மிட் ஆகிட்டா முடிச்சிடலாம். இல்லைன்னா ரொம்ப நாள் ஆகும்."

நாளைக்கு ஒரு இடம் எப்படிக் காலியானது? படுக்க வேண்டிய ஆள் எங்கே ஓடினார்? என் மனதில் அதுதான் ஓடியது.

டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை உண்டா, அலர்ஜி உண்டா. "ரெண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறம் சீழ் ஏதும் வந்துச்சா? அடி பட்டுச்சா? மூக்குத்தி மாட்டுனீங்களா?"

"இல்ல சார்" என்றாள் மீனா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பேச்சி வாயைத் திறந்து மூடினாள்.

மூக்குத்தி மாட்டவில்லையாம். முடிந்த கைக்குட்டை அவள் உள்ளங்கையில் இருந்தது. வாயைத் திறந்து மூடிய பேச்சியைத்தான் நான் பார்த்தேன். அம்மா எதையோ மறைக்கச் சொல்லி, மகள் மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? டாக்டர் அறையில் நமக்குப் பேச்சு கிடையாது. 'இவள் பொய் சொல்கிறாள்' என்று நான் போட்டு உடைத்தால் அத்தோடு என் வேலை போகும், அது பெரிதில்லை. ஆனால் நான் நினைத்தது தப்பாக இருந்தால், ஒரு பெண்ணை அந்நிய ஆள் முன்னால் பொய்க்காரி ஆக்கியிருப்பேன். பேசாமல் இருந்தால் நாளைக்கு அவள் விலாவைத் திறந்துவிடுவார்கள்.

"டாக்டர், பிள்ளைக்கு பாத்ரூம் போகணும்" என்றேன்.

மீனா என்னை முறைத்தாள். "எனக்கு வரல."

"வரும். வா."

டாக்டர் சிரித்துவிட்டார். "போய்ட்டு வாங்க. பெட் போடவா வேண்டாமான்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

நடைபாதைக் கடைசியில் ஜன்னல் ஓரம் நிறுத்தினேன்.

"கைக்குட்டையைக் குடு ஆத்தா."

"எதுக்குப் பெரியம்மா?"

"குடு."

பிரித்துப் பார்த்தேன். மூக்குத்தியின் திருகாணி மரையில் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. துணியிலும் மஞ்சள் கறை.

"இது என்ன?"

"சளி."

"சளி மரைக்குள்ள போயி உக்காருமா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில், விசில் சத்தத்தோடு, எல்லாவற்றையும் சொன்னாள்.

இரண்டாவது ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. "நேரா இருந்துச்சு பெரியம்மா. மூச்சும் வந்துச்சு. கண்ணாடியையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன்." அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குப் பேச்சி நேர்ந்திருந்தாள். பிள்ளை மூக்கு சரியானால் உன் சன்னதியில் வைத்து மூக்குத்தி போடுகிறேன் என்று. மூக்கு சரியானது. அந்தச் சாமிக்கு நேர்ந்ததைத் தள்ளிப்போட அந்தப் பக்கத்தில் யாருக்கும் தைரியம் வராது. 'நான் சொல்லும்வரை மூக்குத்தி வேண்டாம்' என்று டாக்டர் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் சாமி காத்திருக்குமா? தாய்மாமன் ஏழுகல் வாங்கிவந்தார். தூர்ந்திருந்த பழைய துளையை ஆசாரி கம்பியால் திறந்து மாட்டிவிட்டார். கெடா வெட்டி, சாப்பிட்டு, வண்டி ஏறி வந்தார்கள். கொஞ்ச நாளில் மூக்கு வீங்கியது. சீழ் வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டாள். வீக்கம் வடிந்தபோது மூக்கின் ஓரமும் சேர்ந்து மேலே ஏறிவிட்டது.

"உங்கம்மா சொல்ல வேண்டாம்னாளா?"

"அம்மாவுக்கு சீழ் வர்றதே தெரியாது. மூக்குத்தி போட்டதைச் சொன்னா நேர்த்திக்கடனைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்னு, அது மட்டும் பயப்படுது. நான்தான் மறைச்சேன். டாக்டருட்டப் போறதுக்கு முந்தி நாலு நாள் மாத்திரை போட்டுட்டுத்தான் வருவேன்."

"ஏன்?"

"சீழ்னு சொன்னா எவனும் ஆபரேஷன் பண்ண மாட்டான். எனக்குப் பண்ணணும். பாதி வாக்கியம் படிக்கிறதுக்குள்ள மூச்சு நிக்குது பெரியம்மா. உங்களுக்கு என்ன தெரியும்?"

ஊரில் இருக்கும் ஒவ்வொரு வெள்ளைக்கோட்டையும் சந்தேகப்பட்டேன். பாவம், பேச்சியையும் சந்தேகப்பட்டேன். விட்டுப்போனது இவள் ஒருத்திதான். கஷ்டப்படுகிறவள் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள் என்று இருந்துவிட்டேன். கஷ்டப்படுகிறவள்தான் சொல்வாள்.

"விலாவுல எடுத்து வச்சதும் சீழ் பிடிச்சா, அடுத்து எங்கேயிருந்து எடுப்பாங்க?" என்றேன்.

"பிடிக்காது."

"ஆரு ஆத்தா சொன்னா?"

வார்டு பையன் வந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, சார் கேக்குறாரு. பெட் போடவா?"

"வாரோம்னு சொல்லு" என்றேன். அவளிடம், "உள்ள வந்து நான் வாயத் திறக்க மாட்டேன். அது உன் மூக்கு. ஆனா துணைக்கு வந்தவன்னு கையெழுத்தும் போட மாட்டேன். பஸ் ஏறிப் போயிருவேன்."

"போங்க. அம்மா ரேகை வைக்கும்."

சரியான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னது உண்மை. அவளை நிறுத்த என்னிடம் எதுவும் இல்லை. அவளுக்கு வயது இருக்கிறது, உரிமை இருக்கிறது. என் கையில் இருந்தது அந்தக் கைக்குட்டை மட்டும்தான். அதை மடித்து அவள் கையில் வைத்தேன்.

"இந்தா. இதக் கையில வச்சுக்கிட்டே உள்ள போயிச் சொல்லு, சீழே வரலன்னு. கருப்பு சன்னதியில போட்டதுதானே."

எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறை. ஆனால் வரப்புத் தகராறில் கோர்ட்டில் பொய் சொல்லிவிட்டு, அந்தப் பதினெட்டாம்படிக் கதவுக்கு முன்னால் போய்ச் சத்தியம் செய்ய வாய் வராமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். மீனா கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. பின்னால் போனேன்.

டாக்டரின் மேஜைமேல் கைக்குட்டையை வைத்துப் பிரித்தாள்.

"சீழ் வருது சார். இப்பவும் வருது."

பேச்சி எழுந்துவிட்டாள். "ஏண்டி, சீழா? எங்கிட்டச் சொல்லலையேடி!"

"சொன்னா நீ கருப்புகிட்டப் போயி அழுவ."

டாக்டரின் நல்ல குரல் கொஞ்சம் கெட்டது. கோபப்பட்டார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ அடித்து, நாளைய இடத்தை அவரே ரத்து செய்தார். அதைப் பார்த்ததும் அவர்மேல் இருந்த சந்தேகத்தில் பாதியை எடுத்துவிட்டேன். மீதியை வைத்துக்கொண்டேன்.

"குருத்தெலும்பு தானா கரையலம்மா. சீழ் அரிச்சிருக்கு" என்றார். "இந்த நிலைமையில நான் விலாவைத் திறந்திருந்தா அதையும் சீழ் தின்னிருக்கும். முதல்ல மூக்குத்தி கழட்டணும், துளை மூடணும். சீழை டெஸ்ட்டுக்கு அனுப்பி அதுக்கேத்த மருந்து. அப்புறம் தழும்பு இளகுற வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் மூக்குத் துவாரத்துக்குள்ள வைக்கிற சின்ன சிலிக்கான் குழாய் இருக்கு, மூச்சு வாங்கலாம். அதுக்கப்புறமும் தேவைப்பட்டா காதுல இருந்து தோலோட சேர்த்து ஒரு சின்னத் துண்டு வச்சு ஓரத்தை இறக்கலாம். விலா வரைக்கும் போக வேண்டி வராது. அப்படியே விட்டுடலாம்னு உங்களுக்கே தோணுனா, அதுவும் ஒரு வழிதான்." கடைசியில், "எத்தனை நாள்?" என்று மீனா கேட்டதற்கு, "ஒரு வருஷம்" என்றார்.

தல்லாகுளம் டாக்டர் சொன்ன அதே ஒரு வருஷம்.

உள்ளே எதை எங்கே வைத்தார் என்று அவருக்குத்தான் தெரியும், அவரிடமே போங்கள் என்றும் இந்த டாக்டர் சொன்னார். மீனாவுக்கு ஆபரேஷனைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. ஊர் முழுக்க அவரைத் திட்டியிருக்கிறாள். மாமா வேறு சத்தம் போட்டிருக்கிறார். போனாள். சொன்னாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் முழுதாகக் கேட்டார். "போட்டுக் காட்டும்மா" என்றார். அவள் மூக்குத்தியை மாட்டியதும் மூக்கின் ஓரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "இம்புட்டுக் கனமா" என்றார், தனக்குத்தானே. பிறகு முதல்முறையாக எங்கள் முகத்தைப் பார்த்தார். "எந்தத் தையல்ல தப்புப் பண்ணினேன்னு இத்தனை நாளா யோசிச்சிட்டே இருந்தேன்மா."

அவர் அன்றைக்கு முகம் பார்க்காததற்கு நான் என்னென்னவோ காரணம் வைத்திருந்தேன். இது அதில் இல்லை.

சரி, மூக்குத்தியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றால் பேச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "கருப்பு போட்டது. அவருகிட்டக் கேக்காமக் கழட்டக் கூடாது." அழகர்கோவில் பஸ் பிடித்தோம். அங்கே சிலை கிடையாது, சந்தனம் பூசிய மூடின கதவுதான் சாமி. பேச்சி கதவுக்கு முன்னால் நின்று சண்டை போடுகிற மாதிரி பேசினாள். "நேந்தது நேந்துட்டேன். செஞ்சுட்டேன். உனக்குக் குறை வைக்கல. பிள்ளைக்கு மூச்சு வரல. கழட்டுறேன். கோவிச்சுக்கிறதா இருந்தா என்னைய கோவிச்சுக்க." மீனா கழற்றினாள். பேச்சி அதைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். உண்டியல் பக்கம் அவள் போகவே இல்லை என்பதைக் கவனித்தேன். கேட்கவில்லை.

பிறகு நான் வேறு வேறு ஆட்களோடு வேறு வேறு ஊர் போனேன். மீனா அவ்வப்போது போன் பண்ணுவாள். சீழ் நின்றது. சிலிக்கான் குழாயோடு பாடம் நடத்துகிறாள். அந்த வருஷம் முடிந்து தல்லாகுளம் டாக்டர், "காதுலேர்ந்து வைக்கலாமா?" என்று கேட்டபோது, இவள் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாளாம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் கூப்பிட்டாள். "பெரியம்மா, கேளுங்க" என்று போனை மூக்குப் பக்கம் வைத்து மூச்சை இழுத்தாள். விசில் இருந்தது, முன்னைவிடக் கம்மி.

"குழாய் இல்லாம இழுக்குறேன்" என்றாள்.

மூச்சுச் சத்தத்தை மட்டும் வைத்து நான் எதையும் நம்புவதில்லை. "வீடியோவுல வா" என்றேன்.

"இன்னும் என்னய நம்ப மாட்டீங்களா?"

"மாட்டேன். வா."

வந்தாள். இடது பக்கத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டினாள். துளை தூர்ந்து ஒரு புள்ளியாக இருந்தது. மூக்கின் ஓரம் இன்னும் கொஞ்சம் மேலேதான் ஏறியிருந்தது.

"கோணல்தான்" என்றாள்.

"மூக்குத்தி எங்க?"

"அம்மா பீரோவுல."

"பீரோவைக் காட்டு" என்றேன்.

அவள் திட்டிக்கொண்டே எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து காட்டினாள்.